ஏழாவது கதிரை

பதினொரு கதிரைகள். வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றும்போதே எண்ணிவிட்டேன். இடப்பக்கமாகத் தொடங்கினால் அவன் ஏழாவது, வலப்பக்கமாகத் தொடங்கினால் ஐந்தாவது. சப்பாத்துக் கயிறு முடிச்சு விழுந்துவிட்டது. விழட்டும், அவசரமில்லை. நடுவில் சின்ன மேசை, மேசையில் கேக், கேக்கில் ஐந்து மெழுகுதிரி, என் பேத்தி நோராவுக்கு இன்றைக்கு ஐந்து வயது. இந்த ஹொலண்ட் சனம் பிறந்தநாள் என்றால் வீட்டிலுள்ள கதிரை எல்லாவற்றையும் இழுத்து வட்டமாகப் போடும். பின்னேரம் மூன்று மணிக்கு வந்து அந்த வட்டத்தில் இருந்து கோப்பி குடிக்கும், ஆளுக்கு ஒரு துண்டு கேக் தின்னும், ஐந்து மணிக்கு எழும்பிப் போகும். பிந்தி வருகிறவன் சும்மா வந்து இருந்துவிட முடியாது. முதல் கதிரையிலிருந்து கடைசிக் கதிரை வரைக்கும் ஒவ்வொருத்தருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டு வரவேண்டும். பிறந்தநாள்காரிக்கு மட்டும் சொன்னால் போதாது. தகப்பனுக்கு, உன் மகளுக்காக வாழ்த்துகள். பாட்டனுக்கு, உன் பேத்திக்காக வாழ்த்துகள். தகப்பனின் தங்கைக்கு, உன் மருமகளுக்காக வாழ்த்துகள். ஆரோ பிறந்ததற்கு ஆரையோ வாழ்த்துவது. அதற்கு உறவுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு கிழமையாக அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டி, சோறு அவிகிற நேரமெல்லாம் பாடமாக்கினேன். கிளைன்டொக்டர், பேத்தி. ஓபா, பாட்டன். ஸ்கோன்சோன், மருமகன். ஸ்வாகர், மச்சான். அம்மாவின் தம்பியும் ஓம், அப்பாவின் தம்பியும் ஓம், அப்பாவின் அண்ணனும் ஓம், அத்தையின் புருசனும் ஓம். கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டுகிற பாசை. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல், ப்ரூர். பெரியப்பாவின் மகனுக்கும் மாமாவின் மகனுக்கும் அக்காவின் மகனுக்கும் சேர்த்து ஒரே சொல், நேஃப். அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் கடதாசியில் எழுதவில்லை. அது எனக்கு முப்பத்தொரு வருசமாகத் தெரியும்.

ஹொலண்ட்காரன் யெரூனைக் கட்டின என் மகள் தாட்சாயினி குசினி வாசலில் நின்று என்னைப் பார்க்கிறாள். கையில் கோப்பித் தட்டு. சிரிக்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவள் சொல்லவேண்டியதை எல்லாம் செவ்வாய்க்கிழமை ரெலிபோனில் சொல்லிவிட்டாள். "அப்பா, நான் ஒருக்காத்தான் சொல்லுவன். பெரியப்பாவும் வருவார். வாறதெண்டால் எல்லாருக்கும் கை குடுக்கவேணும். ஒருத்தரையும் தாண்டக் கூடாது." நான் சொன்னேன், "அவன் வாறதெண்டால் எனக்கு ஏன் சொல்லுறாய்?" "சொல்லாமல் விட்டு, போன வருசம் மாதிரி நீங்கள் குசினிக்குள்ள பாத்திரம் கழுவிக்கொண்டு நிக்கவோ? யெரூன்ரை அம்மா என்ன கேட்டவ தெரியுமோ? உன்ரை அப்பாவுக்கு எங்களோட இருக்க விருப்பமில்லையோ எண்டு." "நான் உதவி செய்தனான்." "இரண்டு மணித்தியாலம் நாலு கோப்பையைக் கழுவின உதவி." அவளுக்கு வாய் என்னுடையது. அழுகிறாளோ என்று காதைக் கொடுத்தேன், இல்லை, மூச்சு எடுத்திருக்கிறாள். "இந்த முறை தாண்டினீங்கள் எண்டால் நான் சனிக்கிழமையில பிள்ளையைக் கொண்டுவர மாட்டன். உங்கடை கோவத்துக்குள்ள என்ரை பிள்ளை வளரத் தேவையில்லை." சனிக்கிழமை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நோரா என் வீட்டுக்கு வருவாள், பின்னேரம் நாலு மணிக்குப் போவாள். புட்டைக் குழைத்துக் கொடுத்தால் தின்பாள். நான் பிழையாகச் சொல்கிற சொற்களைத் திருத்துவாள். சைக்கிள் சில்லுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் மேல் என் கையோடு தன் கையையும் வைத்து அமத்துவாள். மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காக நான் இருக்கிறேன், இதைத் தாட்சாவுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை, ஆனாலும் அவள் எங்கே அடித்தால் விழுவேன் என்று பார்த்துத்தான் அடித்திருக்கிறாள். போன வருசம் நோரா குசினிக்குள் வந்து என் காற்சட்டையைப் பிடித்து இழுத்து, ஓபா, ஏன் நீ வட்டத்தில இல்லை என்று கேட்டாள். கோப்பை கழுவுகிறேன் என்றேன். அது கழுவின கோப்பை என்றாள்.

சரி, கயிறு அவிழ்ந்துவிட்டது. இனிமேல் குனிந்து நிற்க முடியாது. இடப்பக்கம் திரும்பினேன், அவனிடம் போய்ச் சேர அந்த வழியில் இரண்டு கதிரை கூட. அவன் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிகிறது, சாம்பல் நிறக் கோட்டு, மெலிந்த கழுத்து, மடியில் இரண்டு கை. முதல் கதிரை ஹெங்க், மருமகனின் தகப்பன், எழும்பி நின்றால் கதவுநிலை முட்டுகிற மனிதன். கெஃபெலிசிதேர்ட் மெட் யெ கிளைன்டொக்டர், உன் பேத்திக்காக வாழ்த்துகள் என்றேன். அப்படியே எனக்கும் திருப்பிச் சொன்னான், கையைப் பிடித்துத் தண்ணீர்ப் பம்பு அடிக்கிற மாதிரி ஆட்டினான். சரியாகச் சொல்லிவிட்டேன். ஒரு கதிரை போய்விட்டது. அதற்குள் உள்ளங்கை வேர்த்துவிட்டது. இரண்டாவது அவன் பெண்சாதி டீனெக்க, நல்ல மனுசி, எல்லாவற்றையும் கேட்பாள், எல்லாவற்றுக்கும் சிரிப்பாள், மூன்று முறை கன்னத்தில் முத்தம் வைப்பாள், அந்த மூன்றாவதுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை, மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டோம். "குணம், இந்த வருசம் நீ எங்களோடு இருப்பாய், இல்லையா?" என்றாள் அவர்கள் பாசையில். யா என்றேன். அவள் எழும்பி கேக் வெட்ட மேசைக்குப் போனாள். கேள்வி கேட்கிற சனம். முதல் முதல் இந்த நாட்டில் என்னிடம் கேட்ட கேள்வியே இந்தச் சொற்களைப் பற்றித்தான். வந்து நாலாம் நாள், ஒரு அறை, ஒரு மேசை, அந்தப் பக்கம் ஒரு பொம்பிளை, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் ஆள். நான் குண்டுக்கும் ஆமிக்கும் பயந்து ஓடிவந்த கதையைச் சொல்ல வாயைத் திறக்கிறேன், அவள் கையைக் காட்டி நிறுத்துகிறாள். முதலில் குடும்பம். தகப்பன் பெயர். தாய் பெயர். மனைவி, பிள்ளைகள். சகோதரங்கள். நான் சொன்னேன், ஒரு அண்ணை, பெயர் சிற்றம்பலம், இந்த நாட்டில்தான் மூன்று வருசமாக இருக்கிறார். சொல்லும்போது எனக்குப் பெருமை. எனக்கும் ஒரு ஆள் இருக்கிறது இந்த ஊரில்.

இருந்தது. மூன்றாவது கதிரை மருமகனின் தங்கை, மார்லூஸ், அவளுக்கு நோரா மருமகள், நிஃக்ட். சொன்னேன். அவள் சிரித்து, நல்லாய்ச் சொல்கிறாய் என்றாள். அவள் கேலி செய்கிறாளோ என்று பார்த்தேன், இல்லை, இந்தச் சனத்துக்கு அவ்வளவு கள்ளம் தெரியாது. கள்ளம் தெரிந்தது எங்கள் ஆட்களுக்குத்தான். என் அப்பா செத்தபோது எனக்கு ஏழு வயது. பெரியப்பா வீட்டில் வளர்ந்தேன், அம்பலம் பெரியப்பாவின் ஒரே மகன், என்னைவிட நாலு வயது மூப்பு. ஒரே பாயில் படுத்தோம். அவன் போட்டுக் கழித்த சேட்டுகளை நான் போட்டேன். அவன் கொலிச்சுக்குப் படிக்கப் போனான், நான் சுன்னாகத்தில் சைக்கிள் கடைக்குப் போனேன், அது வேறு கதை, அதற்கு நான் கோபித்ததில்லை. அவனை நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன், அவன் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டான், ஊரில் ஒருத்தனாவது வந்து நீங்கள் என்ன உறவு என்று கேட்டிருப்பானா? அந்த அறையில் கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. அவன் பைலை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் அவனுக்கு இரண்டு அக்கா, தம்பி இல்லை. அவன் தகப்பன் பெயர் வேறு, என் தகப்பன் பெயர் வேறு. அவனைக் கூப்பிட்டார்கள். குணநாயகம் என்பவன் உன் சகோதரனா? அவன் சொன்னான், இல்லை, நேஃப். ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எனக்கு அகதி அந்தஸ்தை மறுத்துக் கடிதம் வந்தது. குடும்பத்தைப் பற்றியே பொய் சொன்ன இவர் மற்றதைப் பற்றிச் சொன்னதையும் நம்ப முடியாது. மொழிபெயர்த்து வாசித்துக் காட்டிய ஆள் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தான், எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து. எனக்கு முதல் தரமே விளங்கிவிட்டது.

நாலாவது கதிரை மார்லூஸின் புருசன், கைகொடுத்தேன், என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. ஸ்வாகர் என்று சொல்லிவிட்டேன் போல, அவன் சத்தமாகச் சிரித்தான், "பேத்தியை விட்டுவிட்டு மச்சானுக்கு வாழ்த்துச் சொல்கிறாய்" என்றான், வட்டம் முழுக்கச் சிரித்தது. ஏழாவது கதிரையிலிருந்து சத்தம் வந்ததா? அவன் சிரித்தானா? சிரித்திருந்தால் இப்போதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போவேன். போனால் சனிக்கிழமை இல்லை. பொறு. ஆறு வருசம் முகாம் முகாமாகத் திரிந்தவனுக்கு இது என்ன. ஆறு வருசம். ஒரு அறையில் நாலு பேர், யன்னலுக்கு வெளியே தட்டையான வயல், மாட்டுக்குக்கூட மழைக்குப் போர்வை போட்டிருப்பார்கள். மேல்முறையீடு, திரும்ப மேல்முறையீடு. இருக்கிற அனுமதி கிடைத்திருந்தால் ஒரு வருசத்தில் தையலையும் பிள்ளையையும் எடுத்திருப்பேன். தையல்நாயகி என் பெண்சாதி. தொண்ணூற்றைந்தில் சனம் முழுக்க யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தபோது அவள் எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு நடந்தாள். அடுத்த வருசம் மலேரியா. அவள் செத்து பதினேழு நாளைக்குப் பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது, அந்தப் பதினேழு நாளும் நான் காளான் பண்ணையில் களவாக வேலை செய்துகொண்டு, அவளுக்குப் பிடிக்கும் என்று ஒரு குளிர்ச்சட்டை பார்த்து வைத்துக்கொண்டு, என்ன, ஐந்தாவது கதிரை, இது யார், ஹெங்கின் அக்கா, ரீட் கிழவி, காது கேளாது. தந்தெ ரீட், எல்லாருக்கும் மாமி. அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விடவில்லை, பழைய ஆட்களின் கை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிக் குளிர்ந்திருக்கும். கெஃபெலிசிதேர்ட் என்று காதுக்குள் கத்தினேன். அவள் ஏதோ மழையைப் பற்றிச் சொன்னாள்.

அந்தக் கை என்னைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்று நின்றேன். அடுத்தது ஆறு, அதற்கு அடுத்தது அவன். முப்பத்தொரு வருசமாக நான் அந்த அறையை எத்தனை தரம் பார்த்திருப்பேன். அவனை விசாரித்த அறையை. நான் அங்கே இருக்கவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். முதலில் அவன் ஒரு கதிரையில் சும்மா இருந்தான். பிறகு ஒரு வருசத்தில் கால்மேல் கால் போட்டான். பிறகு கையில் ஒரு கோப்பைக் கோப்பி வந்தது. தையல் செத்த வருசம் கோப்பிக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட்டும் வந்தது. அவன் அதைக் கோப்பியில் தோய்த்து, ஒரு கடி கடித்து, வாயைத் துடைத்து, பிறகுதான் சொல்வான், இல்லை, நேஃப். சொல்லிவிட்டு எழும்பிக் கோட்டைத் தட்டிவிடுவான். அந்தத் தட்டலை நான் ஒவ்வொரு நாளும் கேட்டேன். முகாமுக்கு ஒருநாள் வந்தான், வெளிக்கதவில் நின்று ஆள் அனுப்பினான். நான் இறங்கிப் போகவில்லை. மேலே யன்னலில் நின்று திரைச்சீலைக்குப் பின்னால் அவன் தலையைப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் நின்றான். காவல்காரனிடம் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே அண்ணி வைத்த கோழிக்குழம்பு. என்னோடு இருந்தவர்கள் தின்றார்கள். "உன்ரை சொந்தக்காரன் நல்ல மனுசன் போல," என்றான் ஒருத்தன் எலும்பைச் சூப்பிக்கொண்டு. "எனக்குச் சொந்தக்காரன் இல்லை, தின்," என்றேன். மூன்று நாள் அந்த அறையில் குழம்பு மணந்தது. நான் பாண் தின்றேன்.

ஆறாவது கதிரையில் மருமகனின் கூட்டாளி, அவனுக்கு உறவுச் சொல் தேவையில்லை, வெறும் வாழ்த்துப் போதும், பெயர் சொன்னான், காதில் விழவில்லை. கையைக் கொடுத்துக்கொண்டே நிற்கிறேன். தாட்சா தட்டை எங்கேயோ வைத்துவிட்டாள், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பார்க்கிறாள். இவள் போன மாரியில் என்னிடம் வந்து சொன்னதுகளை இப்போது ஏன் நினைக்க வேண்டும். அண்ணி செத்துப்போன நேரம். நான் செத்தவீட்டுக்குப் போகவில்லை, இவள் போனாள், போய் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "பெரியப்பாவை மூண்டு தரம் கூப்பிட்டவங்களாம் அப்பா. உங்களாலைதான். நீயும் குடும்பத்தைப் பற்றிப் பொய் சொன்னனியோ, உன்ரை கடுதாசியையும் திருப்பிப் பாக்கவேணும் எண்டு. பெரியம்மாவும் பிள்ளையளும் கொழும்பில பதினாலு மாதம் கூட நிண்டதாம்." பதினாலு மாதம் என்றேன் நான், உன் கொம்மா முழுக்கவே நின்றுவிட்டாள். அவள் எழும்பிப் போனாள். நல்ல பதில் அது, யாரையும் வாயடைக்கச் செய்கிற பதில், ஆனாலும் அன்றிரவு முழுக்க ஒரு கல்லு சப்பாத்துக்குள் கிடந்த மாதிரி இருந்தது. கல்லு எதுவென்று எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அந்த முதல் அறையில், நான் ஒரு அண்ணை என்று சொன்னதும், அந்த மொழிபெயர்ப்பாளன் உடனே எழுதச் சொல்லவில்லை. பேனையை நிறுத்தச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "அண்ணை, இது கவனமாச் சொல்லவேணும். சொந்த அண்ணையோ? கூடப் பிறந்தவரோ?" என்று கேட்டான். கேட்டான்தான். எனக்குக் கோபம் வந்தது. சொந்தமில்லாமல் பின்னை ஆர், என்றேன். "பெரியப்பா, சித்தப்பா வழியில இல்லையே?" என்று திரும்பவும் கேட்டான். "தம்பி, நீர் சொல்லுறதை மாத்திச் சொல்ல வந்தனீரோ? அவர் என்ரை அண்ணை. எழுதச் சொல்லும்." எழுதினார்கள். இரண்டு தரம் கேட்டான். நான் ஒரு மனுசனின் பெயரையும் விலாசத்தையும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேசையில் வைத்தேன். அவன் ஏற்கெனவே உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு, பெண்சாதி பிள்ளைகளுக்குக் காத்துக்கொண்டிருந்த மேசையில். அவன் ஓம் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் பொய்யர். இல்லை என்று சொன்னதால் ஒருத்தன்தான். கணக்கு அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புக்காரனுக்கும் விளங்குகிற கணக்கு. விளங்கி என்ன? அவன் நேஃப் என்று சொன்னதை விளங்கிக்கொள்ளலாம், கால்மேல் கால் போட்டுச் சொன்னதை எப்படி விளங்கிக்கொள்வது? அந்தக் கோப்பியை, அந்தப் பிஸ்கட்டை, கோட்டைத் தட்டிவிட்டதை?

கூட்டாளி கையை இழுத்துக்கொண்டான். ஏழாவது கதிரை. நோரா ஓடிவந்து அவன் முழங்காலில் சாய்ந்து, "ஓபா அம்பி, பார், என் பலூன்," என்றாள். ஓபா. எனக்குச் சொல்கிற அதே சொல். அவள் திரும்பி என்னைக் கண்டு, "ஓபா!" என்று என் காலையும் ஒரு இடி இடித்துவிட்டு ஓடினாள். அந்தச் சொல்லை அவளுக்கு யார் பிரித்துக் கொடுத்தது. நான் யோசித்து வந்தது இப்படி. கையை நீட்டுவது. வெறுமனே கெஃபெலிசிதேர்ட் என்பது. உன் பேத்திக்காக என்று சொல்லமாட்டேன், உன் என்ன, அவனுக்கு அவள் யார், அவனே சொன்ன கணக்குப்படி நேஃப்பின் மகளின் மகள், அதற்கு இந்தப் பாசையில் சொல் இருக்கிறதோ இல்லையோ. கையை எடுத்துவிட்டு எட்டாவது கதிரைக்குப் போய்விடுவது. தாட்சாவுக்குச் சொன்னபடி செய்ததாயிற்று. மூன்று நொடி. நீட்டினேன். அவன் எழும்பப் பார்த்தான், முழங்கால் விடவில்லை, பாதியில் நின்று என் கையை ஊன்றிப் பிடித்தான். எலும்பு மட்டும்தான் கையில். நகம் வெட்டாமல் இருந்தது. அண்ணி இருந்தால் விட்டிருக்கமாட்டாள். "குணம்," என்றான். குரல் எனக்குத் தெரிந்த குரல் இல்லை. "மெலிஞ்சு போனாய்." நீ மட்டும் என்ன என்று நாக்கு நுனியில் வந்தது. வாயைத் திறந்தேன், வாழ்த்து வரவில்லை, முப்பத்தொரு வருசம் சேர்த்து வைத்த ஒன்றும் வரவில்லை. வட்டம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது டீனெக்க கேக்குத் தட்டோடு அந்தப் பக்கம் வந்தாள். எங்கள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சந்தோசமாகிவிட்டது அவளுக்கு. "ஒரே மூக்கு!" என்றாள். ஒரு விரலால் அவன் மூக்கைக் காட்டினாள், என் மூக்கைக் காட்டினாள். அவன் பக்கம் குனிந்து கேட்டாள், "நீங்கள் இரண்டு பேரும் ப்ரூர்ஸா?"

கை என் கைக்குள் செத்துப்போனது. அப்படித்தான் சொல்லவேண்டும். இவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்த கை, சட்டென்று உயிரில்லாத சாமான் மாதிரி. முகத்தைப் பார்த்தேன். இந்த முப்பத்தொரு வருசத்தில் முதல் தரமாக நேரே பார்த்தேன். மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது. கண் டீனெக்கவைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டி வாசல் கதவுக்குப் போனது, திரும்பி என்னிடம் வந்தது, திரும்பவும் கதவுக்குப் போனது. "நே," இல்லை, என்றார். "நே, மெவ்ராவ். நேஃப். நேஃப்." இரண்டு தரம். கேக்குத் தட்டு வைத்திருக்கிற மனுசியை மெவ்ராவ் என்கிறார், அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி. இடது கை கோட்டுக்குள் போனது. நெஞ்சுப் பைக்குள். எதைத் தேடுகிறார் என்று பார்த்தேன். அடையாள அட்டை. இந்த நாட்டுப் பிரசையாகி இருபத்தைந்து வருசமான மனுசன், பேத்தியின் பிறந்தநாளில், அட்டையைத் தடவிப் பார்க்கிறார், இருக்கிறதா என்று. பாதி வெளியே எடுத்தும் விட்டார். கால்மேல் கால் இல்லை. கோப்பி இல்லை. அவர் அந்த அறையில் எப்படி இருந்தார் என்று எனக்கு முன்னால் நின்று காட்டிக்கொண்டிருந்தார், காட்டுகிறோம் என்று தெரியாமலே. டீனெக்கவின் சிரிப்பு அரைவாசியில் நின்றது, ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று என்னைப் பார்த்தாள். அவள் என்னிடம் கேட்கப் போகிறாள். அவர் அதை என்னைவிட முதலே கண்டார். என்னைப் பார்த்த அந்தக் கண்ணை நான் என்ன சொல்ல. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாத கண். நான் சொல்லுகிற சொல்லில் எல்லாம் போய்விடும் என்று பயந்த கண்.

"யா," என்றேன். சத்தமாகத்தான் வந்தது. "நேஃப்."

"ஆ, நேஃப்!" என்று டீனெக்க பழையபடி சிரித்து, தட்டை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினாள். நான் அவர் பக்கம் குனிந்தேன். கோட்டுக்குள் இருந்த கையை அட்டையோடு சேர்த்து மெல்ல உள்ளே தள்ளிவிட்டேன். "இருங்கோ அண்ணை," என்றேன் தமிழில். "ஒண்டுமில்லை. அவ சும்மா கேக்கிறா." அவர் இருக்கவில்லை. என் கையைத் திரும்ப இறுக்கிப் பிடித்து அப்படியே பாதியில் நின்றார். "சும்மாவோ?" என்று கேட்டார். "சும்மாதான் அண்ணை. மூக்கைப் பாத்திட்டுக் கேக்கிறா. இருங்கோ." குசினி வாசலில் தாட்சா கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டாள். எட்டாவது கதிரையில் இருந்த அயல்வீட்டுக்காரி என் முறை என்று நினைத்து எனக்குக் கையை நீட்டினாள். நீட்டிக்கொண்டே இருந்தாள். என் வலது கையை அவர் இன்னும் விடவில்லை.